வழக்குக் கட்டு தரப்படாத பாரிஸ்டர்: சட்ட அலுவலகங்கள் தேடும் தகுதியும் பாபாசாகேப்பின் வாழ்வும்

சட்ட அலுவலகங்கள் பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது எதிர்பார்க்கும் தகுதிகளின் பட்டியல் லண்டனிலும் மும்பையிலும் சென்னையிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. சிறந்த கல்வித் தேர்ச்சி, ஆவணங்களை நுணுகிப் படிக்கும் கவனம், தெளிவாக எழுதவும் பேசவும் வல்ல மொழித்திறன், வணிகமும் பணமும் இயங்கும் விதம் பற்றிய அறிவு, நெருக்கடியில் தளராத உறுதி, பிறருடன் இணைந்து பணியாற்றும் பாங்கு ஆகிய ஆறும் அதில் தவறாமல் இடம்பெறும். ஏழாவதாக ஒன்று பட்டியலின் கடைசியில் சேர்க்கப்படும். சில வேளைகளில் எழுதப்படாமலும் இருக்கும். அலுவலகச் சூழலோடு பொருந்திப்போகும் இயல்பு என்பது அதன் பெயர். முதல் ஆறையும் சோதித்தறிய மதிப்பெண் பட்டியலும் தேர்வும் நேர்காணலும் உண்டு. ஏழாவதை அளக்கக் கருவி ஏதும் இல்லை. தேர்ந்தெடுப்பவரின் கண்ணும் மனமும் சொல்வதே அங்கு தீர்ப்பு.

அந்த ஆறு தகுதிகளும் ஒருங்கே வாய்த்த ஒருவர் 1923 ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். ஏழாவது தகுதி அவருக்கு மறுக்கப்பட்டது. அரசமைப்புச் சட்டத்தின் சிற்பி என்னும் பெரும்புகழின் ஒளியில் அண்ணல் அம்பேத்கரின் வாழ்வில் இந்தப் பகுதி பெரும்பாலும் நம் பார்வைக்குத் தப்பிவிடுகிறது. சட்டம் பயிலும் முதல் தலைமுறை மாணவர்கள் அதை அறிந்திருக்க வேண்டும் என்பதால் இங்கு விரித்துச் சொல்கிறோம்.

பட்டங்களின் பாதை

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைக் குடியிருப்பில், சுபேதார் ராம்ஜி சக்பால், பீமாபாய் இணையரின் பதினான்காவது குழந்தையாகப் பிறந்தவர் பீமராவ். சமஸ்கிருதம் படிக்க விரும்பியவருக்கு அது மறுக்கப்பட்டதால் பாரசீகம் படித்தார். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். 1912இல் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்று பொருளியலும் சமூகவியலும் பயின்றார்.

1916இல் லண்டன் வந்தவர் இரண்டு வாயில்களை ஒருசேரத் தட்டினார். ஒன்று, லண்டன் பொருளியல் பள்ளி. மற்றொன்று, பாரிஸ்டர்களை உருவாக்கும் கிரேஸ் இன். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. ஒப்பந்தப்படி பரோடா அரசுப் பணியில் சேர்ந்த அவருக்கு அந்த நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் அடையாளத்தை மறைத்துத் தங்கியவர், அது வெளிப்பட்டதும் கம்பேந்திய கூட்டத்தால் வெளியேற்றப்பட்டார். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளை அவர் கையில் தராமல் மேசைமீது எறிந்தனர். கொலம்பியாவில் பயின்ற அறிஞர் என்பது அங்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

1918 முதல் 1920 வரை பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து பணம் சேர்த்தார். அந்தச் சேமிப்போடு கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் நண்பர் நவல் பத்தேனாவிடம் பெற்ற கடனும் சேர, 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். 1922இல் கிரேஸ் இன் அவரைப் பாரிஸ்டராக ஏற்றது. 1923இல் லண்டன் பல்கலைக்கழகம் பொருளியலில் டி.எஸ்சி. பட்டம் வழங்கியது. ரூபாயின் சிக்கல் குறித்த அந்த ஆய்வு அதே ஆண்டின் இறுதியில் லண்டனில் நூலாகவும் வந்தது.

உணவு மேசையில் கற்ற சட்டம்

இங்கிலாந்தின் சட்டக் கல்வியில் அன்று நம்மவர்கள் அதிகம் கவனிக்காத ஒரு விதி இருந்தது. தேர்வில் வென்றால் மட்டும் ஒருவர் பாரிஸ்டர் ஆகிவிட முடியவில்லை. ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில், தான் சேர்ந்த இன்னின் பெருங்கூடத்தில் மற்ற மாணவர்களோடும் மூத்தோரோடும் அமர்ந்து உணவு உண்ண வேண்டியிருந்தது. அப்படி உண்ட பருவங்கள் கணக்கில் வந்தால்தான் அழைப்பு கிடைத்தது. ஒரு தொழிலின் மக்களாவதற்கு ஒரே மேசையில் உண்பது தகுதியாக வைக்கப்பட்டிருந்தது.

சாதிச் சமூகத்திலிருந்து சென்றவருக்கு இந்த விதியின் பொருள் வேறாகவே இருந்திருக்கும். சொந்த நாட்டில் சிடன்ஹாம் கல்லூரி ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்கு உடன் பணியாற்றிய பேராசிரியர்கள் சிலரே மறுப்புத் தெரிவித்தனர். லண்டனிலோ உடனுண்ணலே அவருடைய தொழில் தகுதியின் ஒரு பகுதியாயிற்று. அந்த நாட்டின் சட்டத் தொழில் சமத்துவத்தின் உறைவிடம் என்று இதனால் நாம் சொல்லிவிட முடியாது. அங்கும் சொலிசிட்டர் அலுவலகத்தில் பயிற்சி எழுத்தராகச் சேர விரும்பியவரின் குடும்பம் பெருந்தொகையை முன்பணமாகச் செலுத்த வேண்டியிருந்தது. 1919 வரை பெண்களுக்குச் சட்டத் தொழிலின் கதவே திறக்கவில்லை. பணமும் ஆண் என்ற அடையாளமும் அங்கு ஏழாவது தகுதியாக இருந்தன. இங்கு அந்த இடத்தைச் சாதி பிடித்திருந்தது.

சொலிசிட்டர் என்னும் வாயில்

1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பியவரிடம் வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்கான சன்னதுக் கட்டணத்துக்கும் பணம் இல்லை. அதற்கும் பத்தேனாதான் உதவினார். பரேலில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் கட்டிய தொழிலாளர் குடியிருப்பின் சிறு அறைகளில் குடும்பம். வீட்டில் இரமாபாயின் ஓயாத உழைப்பு. கையில் கிரேஸ் இன்னின் சான்று.

பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அன்றைய அமைப்பை அறியாமல் அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது. அங்கு அசல் வழக்குப் பிரிவில் இரட்டை முறை நடைமுறையில் இருந்தது. கட்சிக்காரர் நேராகப் பாரிஸ்டரிடம் செல்ல முடியாது. அவர் முதலில் சொலிசிட்டரிடம் செல்வார். சொலிசிட்டர் ஆவணங்களைத் தொகுத்து, வழக்குக் கட்டை நாடாவால் கட்டி, தாம் தேர்ந்தெடுக்கும் பாரிஸ்டரிடம் அனுப்புவார். நகரின் பெருவணிகர்கள், ஆலை முதலாளிகள், கப்பல் நிறுவனங்கள், சொத்துத் தகராறுகள் என்று பணம் புரளும் வழக்குகள் அனைத்தும் அந்தப் பிரிவில்தான். ஆகவே, ஒரு பாரிஸ்டர் பிழைப்பதும் பட்டினி கிடப்பதும் சொலிசிட்டரின் கையில் இருந்தது.

அந்த வட்டத்தில் ஐரோப்பியரும் பார்சிகளும் வணிகச் சமூகத்தினரும் உயர்சாதி இந்துக்களும் நிறைந்திருந்தனர். அவர்களின் தொழில் உறவு நீதிமன்ற வளாகத்தோடு முடிந்துவிடவில்லை. விருந்திலும் மணவீட்டிலும் சங்கக் கூட்டத்திலும் கைமாறிய நம்பிக்கையே மறுநாள் வழக்குக் கட்டாக மாறியது. அந்த இடங்கள் எதிலும் ஒரு மகருக்கு இருக்கை கிடையாது. தீண்டாமைக்கு உள்ளான சமூகத்தில் பிறந்தவரோடு தொழில்முறையில் பழகக்கூடச் சொலிசிட்டர்கள் முன்வரவில்லை. அசல் பிரிவின் வாயில் மூடியே இருந்தது. சொலிசிட்டரின் துணை தேவைப்படாத மேல்முறையீட்டுப் பிரிவிலும் மாவட்ட நீதிமன்றங்களிலும் கிடைத்த சிறு வழக்குகளே அவருடைய தொடக்கமாயின.

ஆறு தகுதிகளின் பட்டியலை இப்போது மீண்டும் எடுத்துப் பார்ப்போம். கல்வியில் அவரை விஞ்சியவர் அந்த நீதிமன்றத்தில் அரிது. வணிகம், பணம் பற்றிய அறிவு என்றால், இந்திய நாணய முறையை ஆராய வந்த ஹில்டன் யங் அரச ஆணையத்தின் முன் 1925இல் சாட்சியம் அளித்தவர் அவர். ஒரு பேரரசின் நாணயக் கொள்கையைப் பற்றிக் கருத்துரைக்கத் தகுதி பெற்றவருக்கு, பஞ்சு வணிகரின் கடன் பத்திர வழக்கை நடத்தும் தகுதி இல்லை என்று பம்பாயின் சொலிசிட்டர் உலகம் சொல்லாமல் சொன்னது. அதே 1925இல் குடும்பச் செலவுக்காக பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதிநேர ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கு அவர் 1928 வரை கற்பித்த பாடம் வணிகச் சட்டம். வணிகச் சட்டத்தைக் கற்பிக்கலாம், வணிக வழக்கை நடத்தக் கூடாது என்னும் முரணைச் சாதியைத் தவிர வேறெந்தக் காரணத்தாலும் விளக்க முடியாது.

வழக்கில்லாத மூன்று பாரிஸ்டர்கள்

புதிய வழக்கறிஞர் எவருக்கும் தொடக்கத்தில் வழக்கு கிடைப்பதில்லை, இதில் சாதியை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்போர் உண்டு. கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. ஆகவே அதே பம்பாயில் வழக்கின்றித் தவித்த வேறு இருவரை அருகில் வைத்துப் பார்ப்போம்.

லண்டனில் பாரிஸ்டராகித் திரும்பிய காந்தி, பம்பாயில் தம் முதல் வழக்கில் எழுந்து நின்று பேச நாவெழாமல் வழக்கை வேறொருவரிடம் ஒப்படைத்தவர். தொழிலில் தோற்று ராஜ்கோட் திரும்பிய அவரைத் தேடி, தென்னாப்பிரிக்காவில் வழக்கொன்றை நடத்திவந்த போர்பந்தர் வணிக நிறுவனத்தின் அழைப்பு வந்தது. அது அவருடைய அண்ணன் வழியாக வந்த அழைப்பு. சொந்த ஊர், சொந்த மொழி, குடும்ப அறிமுகம் ஆகிய மூன்றும் சேர்ந்து 1893இல் அவரைக் கப்பலேற்றின.

1896இல் பம்பாயில் பதிவு செய்த ஜின்னாவும் சில ஆண்டுகள் வருமானமின்றி அலைந்தவரே. அவருக்கு அட்வகேட் ஜெனரல் பொறுப்பில் இருந்த மேக்பர்சன் என்ற ஆங்கிலேயர் தம் அறையில் அமர்ந்து படிக்கவும் பணியாற்றவும் இடம் தந்தார். அந்த ஒரு நாற்காலியிலிருந்து அவருடைய தொழில் எழுந்தது.

இருவரின் திறமையையும் உழைப்பையும் நாம் குறைத்துச் சொல்லவில்லை. வாய்ப்பு என்பது எந்த வழியில் வந்து சேர்கிறது என்பதையே சுட்டுகிறோம். ஒருவருக்கு உறவின் வழியாக வந்தது. மற்றவருக்கு ஒரு மூத்தவரின் கதவு திறந்ததால் வந்தது. அம்பேத்கரின் உறவினர்கள் ஆலைத் தொழிலாளர்கள், படைவீரர்கள், கிராம ஊழியர்கள். அவர்களிடம் கொடுப்பதற்குப் பெருவழக்கு இல்லை. அவருக்கு நாற்காலி தர மூத்தவர் எவரும் இல்லை. வறுமை மூவருக்கும் பொதுவாக இருந்தது. வெளியேறும் வழி பொதுவாக இல்லை.

பரேலில் ஓர் அலுவலகம்

சொலிசிட்டர்கள் வராத இடத்தில் மக்கள் வந்தனர். பரேல் தாமோதர் மண்டபத்தில் அமைந்த அவருடைய அலுவலகம் வழக்கறிஞர் அறையாகவும், 1924இல் அவர் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் பணியிடமாகவும் இருந்தது. அடித்து விரட்டப்பட்டவர், கூலி மறுக்கப்பட்டவர், நிலம் பறிக்கப்பட்டவர் என்று வந்தோரில் பலருக்குக் கட்டணம் செலுத்த வழியில்லை. கட்சிக்காரரின் சொல்லைப் பொறுமையாகக் கேட்பது, அதிலிருந்து வழக்குக்கு வேண்டிய உண்மையைப் பிரித்தெடுப்பது என்னும் சொலிசிட்டரின் வேலையையும் அவரே செய்தார்.

1926இல் வந்தது ஒரு பெரிய வழக்கு. பிராமணரல்லாதார் இயக்கத்தைச் சேர்ந்த தினகர்ராவ் ஜவல்கர் எழுதிய நூலொன்று திலகரையும் சிப்லூன்கரையும் கடுமையாக விமரிசித்தது. நூலாசிரியரும் வெளியிட்ட கேசவராவ் ஜேதேயும் உள்ளிட்டோர் அவதூறுக் குற்றத்தில் கீழமை நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டனர். புனே அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீட்டை நடத்தி அவர்களை விடுவித்தார் அம்பேத்கர். அதே ஆண்டு ஜூலையில்தான் அவர் தம் குழந்தை ராஜரத்னாவை இழந்திருந்தார். உறுதி என்பதை நேர்காணலில் கேட்டறிய விரும்புவோர் அந்த 1926ஐ நினைத்துக்கொள்ளலாம்.

1934இல் பாலியல் கல்வி பற்றிய இதழை நடத்திவந்த ரகுநாத் தோண்டோ கார்வே ஆபாச வழக்கில் சிக்கியபோது அவருக்காகவும் வாதாடினார். அந்த வழக்கில் தோல்வியே கிட்டியது. வெல்லும் வழக்கை மட்டும் எடுப்பவராக அவர் இருந்ததில்லை என்பதற்கு அது சான்று.

குளத்து நீரும் பத்தாண்டு வழக்கும்

அவருடைய வழக்கறிஞர் வாழ்வின் உச்சம் என்று நாம் கருதும் வழக்கில் அவரே பிரதிவாதி. பொது நீர்நிலைகளைத் தீண்டத்தகாதோருக்குத் திறந்துவிடும் தீர்மானத்தை பம்பாய் சட்டமன்றம் 1923இல் நிறைவேற்றியது. மகத் நகராட்சியும் 1924இல் சவுதார் குளத்தை அவ்வாறே அறிவித்தது. அறிவிப்பு தாளில் இருந்தது; நீர் சாதி இந்துக்களிடம் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் தோழர்களும் அந்தக் குளத்து நீரைப் பருகினர். அன்றே அவர்கள் தாக்கப்பட்டனர். பின்னர் சாதி இந்துக்கள் சடங்கு செய்து குளத்தைத் தூய்மைப்படுத்திக்கொண்டனர்.

டிசம்பரில் இரண்டாம் மாநாடு கூடவிருந்த வேளையில், குளம் தங்களுக்கே உரியது என்று வழக்குத் தொடுத்துச் சாதி இந்துக்கள் இடைக்காலத் தடை பெற்றனர். மாநாட்டுக்குத் திரண்ட ஆயிரக்கணக்கானோர் தடையை மீறத் துடித்தனர். அம்பேத்கர் அவர்களை அமைதிப்படுத்தி, குளத்தைச் சுற்றி ஊர்வலமாக நடத்திச் சென்றதோடு நிறுத்தினார். அதே மாநாட்டில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அநீதியின் நூலைத் தீயிலிட்ட அதே கை நீதிமன்றத்தின் தற்காலிகத் தடையை மதித்தது. இதில் முரண் இல்லை. ஒன்றுக்கு அவர் எந்த ஏற்பும் அளிக்கவில்லை; மற்றொன்றை அதன் களத்திலேயே முறியடிக்க முடியும் என்று கணித்திருந்தார்.

அந்தக் கணிப்பு நிறைவேறப் பத்தாண்டுகள் ஆயின. 1931இல் மகத் துணை நீதிமன்றம் சாதி இந்துக்களின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவர்கள் மேல்முறையீடு செய்துகொண்டே போயினர். 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. காந்திக்கு 1922இல் தண்டனை விதித்த அதே புரூம்ஃபீல்டு இந்தத் தீர்ப்பை எழுதினார். தீண்டாமை தவறு என்பதன்மேல் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. தாழ்த்தப்பட்டோரை விலக்கும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்துவந்தது என்பதைச் சாதி இந்துக்கள் மெய்ப்பிக்கவில்லை என்பதே அதன் அடிப்படை. சான்றின் சுமை யார்மீது உள்ளது என்ற சிறு கேள்வியில் ஒரு பெரும் உரிமை வென்றது. நுணுகிய கவனம் என்று பட்டியலில் எழுதப்படும் தகுதியின் பொருளும் இதுதான்.

அந்த வெற்றியின் எல்லையையும் அவர் கண்டார். வழக்கத்தை அவர்கள் மெய்ப்பித்திருந்தால் நீர் மறுக்கப்பட்டிருக்கும். பின்னாளில் வரைவுக் குழுத் தலைவராக அவர் உருவாக்கத் துணைநின்ற அரசமைப்புச் சட்டம், 17ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் கிணறுகளையும் குளங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. இனி எந்த வழக்கமும், எத்தனை தொன்மையானதாயினும், அந்தக் கேள்விக்குள் நுழைய முடியாது.

அவர் தேடிய தகுதிகள்

1928இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் தற்காலிகப் பேராசிரியரானவர், 1935இல் அதே கல்லூரியின் முதல்வரானார். 1938 வரை அப்பொறுப்பில் இருந்தார். அக்காலத்தில் சட்டக் கல்விச் சீர்திருத்தம் பற்றி ஒரு விரிவான கட்டுரையும் எழுதினார். சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளில் தெளிவு, அவற்றுக்குப் பின்புலமாகும் பரந்த பொது அறிவு, உண்மைகளைப் பிழையின்றியும் தொடர்புடையவற்றை மட்டும் எடுத்தும் ஒழுங்குபட உரைக்கும் பயிற்சி ஆகியவற்றை அவர் வலியுறுத்தினார். அவை அனைத்தும் கற்றுக்கொள்ளக் கூடியவை. பிறப்போடு வருவன ஏதும் அவற்றில் இல்லை. ஏழாவது தகுதிக்கு அவர் பட்டியலில் இடமே இல்லை.

1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். பாரிஸ்டரையும் கட்சிக்காரரையும் பிரித்து வைத்த பம்பாயின் இரட்டை முறை 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டத் திருத்தத்தால் முடிவுக்கு வந்தது. லண்டன் கிரேஸ் இன்னில் இன்று அவர் பெயரில் ஓர் அறை இருக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

இந்த வாழ்வை விடாமுயற்சியின் கதையாக மட்டும் சொல்வது நம் எதிரிகளுக்கு வசதியானது. அம்பேத்கர் வென்றார், நீங்களும் வெல்லுங்கள் என்று சொல்லிவிட்டுக் கதவை மூடிக்கொள்ளலாம். முனைவர் பட்டங்களும் பாரிஸ்டர் சான்றும் வைத்திருந்த ஒருவருக்கே வழக்குக் கட்டு கிடைக்கவில்லை என்றால், அவர் அளவுக்குப் படிக்காத எத்தனை பேர் அந்த வாயிலில் நின்று திரும்பிப் போயிருப்பார்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நாமும் சட்டம் முடித்து மூத்த வழக்கறிஞர்களின் அலுவலகப் படிகளை ஏறியிருக்கிறோம். எந்தப் பாடத்தில் ஈடுபாடு என்று கேட்கப்படுவதற்கு முன்பே சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார், குடும்பத்தில் வேறு வழக்கறிஞர் உண்டா என்று கேட்கப்பட்டிருக்கிறோம். சாதிப் பெயர் ஒருமுறைகூட உச்சரிக்கப்படுவதில்லை. இடம் இல்லை என்ற பதில் மட்டும் மிகுந்த மரியாதையோடு வரும்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். ஜூனியர்களைச் சேர்க்கும் சட்ட அலுவலகங்கள் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். எழுத்துத் தேர்வையும் வரைவுத் தேர்வையும் பெயர் மறைத்துத் திருத்த வேண்டும். குடும்பம், ஊர் பற்றிய கேள்விகள் நேர்காணலிலிருந்து நீங்க வேண்டும். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் வழங்க வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் கூறியது. அது ஒவ்வோர் அலுவலகத்திலும் நடைமுறையாக வேண்டும். ஊதியமின்றி மூன்றாண்டு காத்திருக்க முடிந்தவரே வழக்கறிஞராக முடியும் என்றால் அதுவும் ஒரு சாதி விதியே.

நம் மூத்தவர்களுக்கும் ஒரு சொல். ஓர் அறையும் இரு நாற்காலிகளும் உள்ள அலுவலகம் நம்மிடம் இருந்தால், இரண்டாவது நாற்காலி நம் தெருவிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கோ இளைஞனுக்கோ உரியது. 1923இல் அந்த நாற்காலியை பாபாசாகேப்புக்குத் தர பம்பாயில் எவரும் இல்லை. இன்று அதைத் தர நாம் இருக்கிறோம்.